போனில கருத்துக்கணிப்பு எண்டு கேட்டாங்கள். இதை வச்சு தேர்தலைத் தள்ளிப்போடேலுமோ?

வெள்ளவத்தை_கடற்கரை எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். போன கிழமை பின்னேரம் தெரியாத நம்பரில இருந்து ஒரு கோல். ஒரு பிள்ளை நல்ல தமிழில, "கருத்துக்கணிப்பு ஒண்டு, பத்து நிமிசம் கதைக்கேலுமோ?" எண்டு கேட்டா. சாமான் விலை, கரண்ட் பில், ஆஸ்பத்திரி மருந்து எண்டு கேட்டுக்கொண்டு வந்து கடைசியில, "இண்டைக்கு ஜனாதிபதித் தேர்தல் வச்சால் ஆருக்குப் போடுவீங்கள்?" எண்டா. நான் கட் பண்ணிப்போட்டன். முழு நேரமும் அம்மா பக்கத்தில நிண்டு, பேர் சொல்லாத, விலாசம் சொல்லாத எண்டு கையால காட்டிக்கொண்டே இருந்தவ.

எனக்கு ரெண்டு சந்தேகம். ஆயிரம் ரெண்டாயிரம் பேரிட்டக் கேட்டுப்போட்டு ஒரு கோடி எழுபத்தொரு லட்சம் வாக்காளரைப் பற்றி என்னத்தைச் சொல்லுறது? மற்றதுதான் எனக்கு முக்கியம். கணிப்பு தங்களுக்குச் சரியில்லை எண்டு தெரிஞ்சால் ஆட்சியில இருக்கிறவை 2029 தேர்தலைத் தள்ளிப்போடேலுமோ? 225இல 159 ஆசனம் அவையிட்ட இருக்கு. மூண்டில ரெண்டுக்கு 150 காணும். சட்டம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. கட்சிச் சண்டை வேண்டாம்.

---

மாளிகாவத்தை_நானா எழுதியது:

தம்பி, கணிப்ப நம்பி என்னத்துக்கு? மஹிந்த சோசியக்காரர்ட சொல்லக் கேட்டு, கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் பதவி மிச்சம் ஈக்கக்குள்ளயே எலெக்ஷன் வெச்சாரு. 2015 ஜனவரி 8 என்ன நடந்திச்சி? தோத்தாருதானே. எங்கட கடைக்கு பாண் வாங்க வாற ஆக்கள்ட மூஞ்சப் பாத்தாலே அப்ப வெளங்கினிச்சி.

---

கொட்டாஞ்சேனை_ரதி எழுதியது:

அண்ணா, நீங்க கட் பண்ணின பிள்ளை மாதிரி நானும் அந்த வேலை செஞ்சிருக்கேன். தமிழ் கோல் முழுக்க எங்க மேசைக்குத்தான் வரும். எந்த நிறுவனம்னு சொல்ல மாட்டேன், கேக்காதீங்க.

ஹெட்செட்டைப் போட்டா கம்ப்யூட்டரே நம்பரை எடுத்துக் குடுக்கும். உங்க பேரும் விலாசமும் எங்களுக்குத் தெரியாது, அம்மாக்கிட்ட சொல்லுங்க. யாரு எடுத்தாங்களோ அவங்களே பதில் சொல்லணும்னு எங்க ஒபிஸ் விதி. ஆனா தெமட்டகொடையில ஒரு அக்கா எடுத்தா, "இருங்க, அவர்கிட்ட குடுக்கிறேன்"னு போனை வீட்டுக்காரருக்குக் குடுத்துருவாங்க. "இல்ல அக்கா, நீங்கதான் சொல்லணும்"னா, "எனக்கு என்ன தெரியும் மகள்?"னு சிரிப்பாங்க. பாணு விலை கேட்டா மட்டும் சதக் கணக்கு வரைக்கும் வரும்! மன்னார்ல ஒருத்தர் என்னையே விசாரிச்சாரு: "எந்த ஒபிஸ் தங்கச்சி? சிஐடியா? சம்பளம் எவ்வளவு?" கடைசிவரைக்கும் அவர் ஒரு பதிலும் சொல்லல்ல.

எங்களுக்கு 98, 99ன்னு ரெண்டு நம்பர் இருந்துச்சு. 98ன்னா "தெரியாது". 99ன்னா "சொல்ல விருப்பமில்லை". ரெண்டையும் மாத்திப் போட்டா சூப்பர்வைசர் கிழிச்சுருவாரு, ஏன்னா ரெண்டுக்கும் கணக்கு வேற. வாக்கைப் பத்தின கேள்வி வந்தாலே எங்க தமிழ் மேசையில 99 விழும். பக்கத்து சிங்கள மேசையில பேர் சடசடன்னு வரும், சண்டையும் வரும். எங்க ஆளுங்க விலைவாசிக்கு வாய் நிறையப் பேசிட்டு, பேரு கேட்டதும், "அதெல்லாம் எதுக்கு மகள்"ன்னு இழுப்பாங்க.

உங்க முதல் கேள்விக்கு வாறேன். ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவாங்கதானே. பானையை நல்லாக் கிளறி இருந்தா அது சரி. ஆயிரம் பேரை நாடு முழுக்கச் சரியா எடுத்தா 3 சதவீதம் அப்படி இப்படின்னு வரும். ஜனத்தொகை ஒரு கோடியா ரெண்டு கோடியாங்கிறது பெரிசில்ல. ஆனா அந்த ஆயிரத்துல இலங்கைத் தமிழர் எத்தனை? 2012 சென்சஸ்ல இருந்த நூத்துக்கு பதினொன்னு கணக்குல 110 பேர். 110 பேரை மட்டும் தனியா எடுத்து "தமிழர் இப்படி நினைக்கிறாங்க"ன்னு பத்திரிகையில போட்டா பிழை 9 சதவீதத்துக்கு ஓடும். அதுலயும் 99 சொன்னவங்களைக் கழிச்சுப் பாருங்க.

2024ல தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 226,343 வாக்கு. யாழ்ப்பாண மாவட்டத்துல சஜித்துக்கு அடுத்த இடம் அவருக்குத்தான். நாடு முழுக்கப் பாத்தா 1.7 சதவீதம். அதாவது ஆயிரம் பேருக்குக் கோல் எடுத்தா 17 பேர் வாயில அந்தப் பேர் வரணும். பாதிப் பேர் 99 சொன்னா அவரு "ஏனையோர்"ங்கிற வரியில போய்ச் சேந்துருவாரு.

ஆனா எனக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்னு இருக்கு. நான் கேட்ட கேள்வித்தாள்ல ஒரு பேருக்குத்தான் இடம். வாக்குச்சீட்டுல 1, 2, 3ன்னு மூணு போடலாமே! 2024 செப்டம்பர் 21ல 39 பேர் போட்ட சீட்டு கைக்கு அடங்காது. அதுல எங்க அப்பா வழக்கம்போல ஒரு புள்ளடியைப் போட்டுட்டு வந்துட்டாரு. அனுரவுக்கு 42.31, சஜித்துக்கு 32.76. யாருக்கும் பாதி இல்ல. அதனால நம்ம நாட்டுல முதல் தடவையா ரெண்டாவது எண்ணிக்கை நடந்துச்சு, அதாவது முதல் ரெண்டு பேரை மட்டும் வச்சுக்கிட்டு, மத்தவங்களுக்குப் போட்ட சீட்டுல அந்த ரெண்டு பேருக்கு இருந்த அடுத்த விருப்பை எண்ணுறது. அதுக்கு முன்னாடி எட்டு ஜனாதிபதித் தேர்தல்ல ஒருக்காவும் நடக்கல்ல.

வெளிய போன 36 பேருக்கும், செத்தும் சீட்டுல பேர் இருந்த ஒருத்தருக்கும் விழுந்தது 33 லட்சத்து 21 ஆயிரம் சீட்டு. அதுல முதல் ரெண்டு பேருக்கு விருப்பு வாக்கு வந்தது வெறும் 273,131. சஜித்துக்கு 167,867. அனுரவுக்கு 105,264. ரெண்டாவது எண்ணிக்கையில ஜெயிச்சது சஜித்! ஆனா முன்னாடி இருந்த இடைவெளி பெரிசு, அனுர 5,740,179ல நின்னாரு. செல்லுபடியான ஒரு கோடி 33 லட்சத்தோட வச்சுப் பாத்தா 43.1 சதவீதம். எண்ணிக்கையில மிஞ்சின சீட்டுல மட்டும் பாத்தா 55.89. ரெண்டும் சரியான கணக்கு. அரசியலமைப்பு கேக்கிறது ரெண்டாவதை.

"ஐம்பது வீதம் இல்லாம ஜனாதிபதி ஆக முடியாது, அதுதான் சிறுபான்மைக்குக் காவல்"னு ஸ்கூல்ல படிச்சோம். 30 லட்சம் பேர் ரெண்டாவது விருப்பைப் போடாமலோ, முதல் ரெண்டு பேருக்கு வெளிய போட்டோ விட்டா அந்தக் காவல் அப்படியே நிக்குமா? எனக்குக் கணிப்புல பயம் இல்ல, இதுலதான் பயம்.

---

ஓய்வுபெற்ற_அலுவலர் எழுதியது:

தம்பியின் இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். தேர்தல் கடமையில் பல வருடம் நின்றவன் நான்.

அரசியலமைப்பின் 30(2) உறுப்புரைப்படி ஜனாதிபதியின் பதவிக்காலம் ஐந்து வருடம். 2015இல் 19ஆவது திருத்தம் ஆறை ஐந்தாக்கியது. பதவிக்காலம் முடிய இரண்டு மாதத்துக்கு முந்தாமலும் ஒரு மாதத்துக்குப் பிந்தாமலும் வாக்கெடுப்பு நடக்க வேண்டும் என்கிறது 31(3). கணிப்பு எப்படி இருந்தாலும் இந்தத் தேதி அசையாது.

பதவிக்காலத்தை நீட்டுவதானால் 83ஆவது உறுப்புரையைத் தாண்ட வேண்டும்: மூன்றில் இரண்டும் வேண்டும், சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும். ஆனால் 83இல் இன்னும் "ஆறு வருடத்துக்கு மேல்" என்றே நிற்கிறது, 30இல் ஐந்து. ஐந்திலிருந்து ஆறு வரை நீட்ட மூன்றில் இரண்டு மட்டும் போதுமா? நீங்கள் சொன்ன 159 இங்கேதான் உறுத்தும். 2024 யூலையில் பதவிக்காலம் தொடர்பாக வந்த மனுக்களை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதற்கு முன்னர் 2018 ஜனவரியில், தான் ஆறு வருடம் இருக்கலாமா என்று மைத்திரிபால கேட்டபோது, ஐந்துதான் என்று ஐந்து நீதியரசர்களும் ஒரே குரலில் சொன்னார்கள். நீதிமன்றத்தின் போக்கு தெளிவு. எழுத்தில் உள்ள ஓட்டையை யாராவது அடைத்தால் நல்லது.

தள்ளிப்போடுவதைவிட முற்போடுவதையே நான் பார்த்திருக்கிறேன். முதல் தவணையில் நான்கு வருடம் கழிந்ததும் மறுபடி மக்களிடம் போக ஜனாதிபதிக்கு இடம் கொடுத்தது 1982இன் மூன்றாவது திருத்தம். ஜே. ஆர். அதே வருடம் ஒக்டோபர் 20இல் போனார், 52.91 எடுத்தார். சந்திரிகா 1999 டிசம்பரில், மஹிந்த 2010 ஜனவரியில், பிறகு மாளிகாவத்தை நானா சொன்ன 2015. எல்லாமே நேரத்துக்கு முந்தியவை. நாளைக் குறிக்கும் அதிகாரம் கையில் இருப்பவருக்குத்தான் கணிப்பு உதவும். எதிர்க்கட்சிக்காரர் அதைப் பத்திரிகையில் வாசிக்கலாம், அவ்வளவுதான்.

ஜே. ஆர். செய்த வேலையைப் பாருங்கள். ஒக்டோபர் முடிவையே அவர் தன் கணிப்பாக எடுத்துக்கொண்டார். 1977இல் பழைய முறையில் கிடைத்த ஆறில் ஐந்து பெரும்பான்மை, விகிதாசார முறையில் 52.91ஐ வைத்துக்கொண்டு திரும்பக் கிடைக்காது என்று கணக்குப் போட்டார். பொதுத்தேர்தலை வைக்கவில்லை. டிசம்பர் 22இல் சர்வஜன வாக்கெடுப்பு வைத்தார்: விளக்கு என்றால் "நீட்டு", பானை என்றால் "வேண்டாம்". அன்று நான் கொழும்பில் ஒரு சாவடியில் கனிஷ்ட அலுவலர். காலை ஒன்பதரைக்கு வந்த ஒரு முதியவரிடம் "உங்கள் வாக்கு போட்டாயிற்று ஐயா" என்று சொல்லச் சொன்னார்கள். அவர் இடது சின்னி விரலை நீட்டிக் காட்டினார். மை இல்லை. 54.66 வீதத்தால் விளக்கு வென்றது, அந்தப் பாராளுமன்றம் இன்னும் ஆறு வருடம் ஓடியது. மூன்றில் இரண்டும் இருந்தது, சர்வஜன வாக்கெடுப்பும் இருந்தது. பாதுகாப்பு என்று எழுதப்பட்டதெல்லாம் அன்று முறைப்படி நிறைவேறியது.

பணத்தை மறித்தும் தேர்தலை நிறுத்தலாம். 2023 மார்ச் 9 உள்ளூராட்சித் தேர்தல் அப்படித்தான் நின்றது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6இல்.

---

வெள்ளவத்தை_கடற்கரை எழுதியது:

ஐயா, ரதி அக்கா, பெரிய நன்றி. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். அவ சொல்லுறா, 2005இல பகிஷ்கரிப்பால யாழ்ப்பாண மாவட்டத்தில வாக்குப் போட்டது 1.21 வீதமாம், மஹிந்த 50.29இல தப்பினவராம். "அப்ப ஆராவது போன் எடுத்துக் கேட்டிருந்தா நாங்கள் என்னத்தைச் சொல்லியிருப்பம்?" எண்டுறா. என்னட்டப் பதில் இல்லை.

அக்கா, திரும்பவும் கோல் வந்தால் நான் என்ன செய்யிறது?

---

கொட்டாஞ்சேனை_ரதி எழுதியது:

அம்மா கேட்டது சரி. அந்த வருஷம்னா மேசை முழுக்க 99தான் விழுந்திருக்கும்.

கோல் வந்தா முதல்ல யாரு செய்யிறாங்க, யாரு காசு குடுக்கிறாங்கன்னு கேளுங்க. சொல்லாட்டி வச்சுருங்க. சொன்னா இருந்து பேசுங்க. பேர் சொல்லப் பிடிக்காட்டி "விருப்பமில்லை"ன்னே சொல்லுங்க, அதுவும் கணக்குல ஏறும். நடுவுல கட் பண்ணினா நீங்க அதுவரைக்கும் சொன்ன கரண்ட் பில்லும் சேந்து குப்பைக்குப் போயிரும். அந்தப் பிள்ளைக்கும் அந்தக் கோலுக்குக் காசு இல்ல. எங்களுக்கு முடிச்ச பேட்டிக்குத்தான் கணக்கு.

இன்னொன்னு. கேள்வி எல்லாம் முடிஞ்சதும், "வேற ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?"ன்னு கேப்பாங்க. நீங்க சொல்றதை அப்படியே டைப் பண்ணியே ஆகணும், தட்டிக்கழிக்க ஏலாது. அங்க, "ரெண்டாவது விருப்பு யாருக்குன்னு ஏன் கேக்கல்ல?"ன்னு கேட்டு வைங்க. பத்து இருபது பேர் சொன்னா சூப்பர்வைசர் மேல அனுப்புவாரு.