கடைசி லைன் வீட்டில் 43 அங்குல டிவி: ஸ்டெபிலைசரா, இன்வெர்ட்டரா?

கடைமடை:
ஹாலில் 43 அங்குல எல்இடி டிவியைச் சுவரில் மாட்டப்போகிறோம். சுவிட்ச் போர்டு 12 அடி தள்ளி. இப்போதைக்கு டிவி, கேபிள் பாக்ஸ், வைஃபை மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். டிரான்ஸ்பார்மர் லைனில் கடைசி வீடு, த்ரீ பேஸ் சர்வீஸ். சாயங்காலம் 6 மணிக்கு மேல் 160, 170 வோல்ட்தான் நிற்கும். 900 விஏ சைன்வேவ் இன்வெர்ட்டர், 150 ஏஎச் பேட்டரி இருக்கிறது. கடைக்காரர் ஸ்டெபிலைசர் கட்டாயம் என்கிறார். எலக்ட்ரீஷியன் இன்வெர்ட்டர் லைனே போதும் என்கிறார். எச்டிஎம்ஐ ஒயரைச் செருகும்போது கையில் சுருக்கென்று அடிப்பது வேறு. என்ன செய்யலாம்?

ஒயர்மேன்63:
டிவி முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்க. 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் 160 அதற்கு ஒரு பொருட்டே இல்லை. உள்ளே இருப்பது எஸ்எம்பிஎஸ், அதாவது வோல்ட் ஏறி இறங்கினாலும் தானே சரிசெய்துகொள்ளும் பவர் சப்ளை. வோல்ட் குறைந்தால் கரண்டைக் கொஞ்சம் கூட இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். லோ வோல்டேஜுக்காக ஸ்டெபிலைசர் வாங்குவது பழைய பிக்சர் டியூப் காலத்துப் பழக்கம்.

டிவியைக் கொல்வது லோ வோல்டேஜ் இல்லை, நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) அறுவதுதான். த்ரீ பேஸ் வீட்டுக்கு வரும் நியூட்ரல் கம்பத்திலோ மீட்டர் பெட்டியிலோ லூஸானால், லோடு குறைவாக உள்ள பேஸில் வோல்ட் 300, 350 என்று ஏறும், 400ஐயும் நெருங்கலாம். 230 வோல்ட் டிவிக்குள் டிசியாக மாறும்போது சுமார் 325 ஆகிறது. 400 வந்தால் 565. உள்ளே இருக்கும் கெபாசிட்டர் பெரும்பாலும் 450 வோல்ட் தாங்கும் வகை. அதனால்தான் ‘டப்’ என்று சத்தம் வந்து ஃப்யூஸும் போய்விடுகிறது.

ஸ்டெபிலைசர் காசை மெயின் போர்டில் போடுங்க. எம்சிபி (ஓவர்லோடானால் விழும் சுவிட்ச்) மாதிரியே போர்டுக்குள் இருக்கும் பட்டையில் மாட்டுகிற ஓவர் வோல்டேஜ் ரிலே கிடைக்கும், வோல்ட் வரம்பைத் தாண்டினால் லைனைத் தானே கட் பண்ணும். மேல் வரம்பு 265, திரும்ப ஆன் ஆக 60 விநாடி தாமதம். கீழ் வரம்பை உங்கள் ஊரில் 150க்குக் கீழே வைக்கணும், இல்லாவிட்டால் சாயங்காலம் முழுக்க கட் ஆகிக்கொண்டே இருக்கும். இது மின்னலைத் தடுக்காது; இடி இடிக்கும்போது பிளக், கேபிள் ஒயர் இரண்டையும் பிடுங்கத்தான் வேண்டும்.

பேட்டரி வாத்தியார்:
இன்வெர்ட்டர் லைனில் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் பின்பக்கம் ஒரு சுவிட்ச் இருக்கும், யூபிஎஸ் மோட் / நார்மல் மோட். யூபிஎஸ் மோடில் பல இன்வெர்ட்டர்கள் 180க்குக் கீழே போனதுமே பேட்டரிக்குத் தாவிவிடும். உங்கள் ஊரில் அப்படி வைத்தால், கரண்ட் இருக்கும்போதே தினமும் நாலு மணி நேரம் பேட்டரியில்தான் டிவி பார்ப்பீர்கள். நிஜமாகக் கரண்ட் போகும்போது பேட்டரி காலி. நார்மல் மோடில் வையுங்கள். கரண்ட் போகும் நொடியில் டிவி ஒருமுறை ஆஃப் ஆகி வரலாம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கணக்கு: 12 வோல்ட் × 150 ஏஎச் = 1800 வாட் ஹவர். முழுசாகக் காலி செய்யக்கூடாது, இன்வெர்ட்டர் தின்பதும் போக, நல்ல பேட்டரியில் சுமார் 1150 மிஞ்சும். டிவி 80, பாக்ஸ் 15, வைஃபை 10, இரண்டு ஃபேன் 150, ஆக 255 வாட். நாலரை மணி நேரம் ஓடும். பேட்டரிக்கு நாலு வயசென்றால் பாதிகூட வராது.

இன்னொன்று, இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி நியூட்ரல் இழுக்கச் சொல்லுங்கள். பக்கத்து பாயின்ட் நியூட்ரலோடு முடிச்சுப் போட்டால் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைக் கட் செய்யும் சுவிட்ச்) விழுந்துகொண்டே இருக்கும். பழியை டிவி மேல் போடுவார்கள்.

ஒயர்மேன்63:
ஒயரிங்: 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர், சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றும். 12 அடிதான் என்றாலும் ஏற்ற இறக்கம் சேர்த்து ஒவ்வொன்றும் 6 மீட்டர் வாங்குங்க. டிவிக்குப் பின்னால் 6 ஆம்ப் சாக்கெட் மூன்று, சுவிட்ச் கை எட்டும் இடத்தில் கீழே. ஒட்டி மாட்டும் பிராக்கெட்டில் சுவருக்கும் டிவிக்கும் நடுவே ஓரங்குலம்தான் கிடைக்கும், பிளக் இடிக்கும். சாக்கெட் பெட்டியை சுவருக்குள் ஆழமாகப் பதிக்கணும், பிராக்கெட் திருகு வரும் இடத்தைத் தவிர்த்து. எச்டிஎம்ஐக்குத் தனியாக 40 எம்எம் பைப். சின்ன பைப்பில் வளைவில் அதன் தலை நுழையாது. டிவியோடு வந்த ஒயரை வெட்டி நீட்டுவதோ பூச்சுக்குள் புதைப்பதோ கூடவே கூடாது.

சால்டர்:
சுருக் அடிப்பது பெரும்பாலும் மின்கசிவு. இரண்டு முள் பிளக் உள்ள டிவி, பாக்ஸ் அடாப்டர் எல்லாவற்றிலும் மின் இரைச்சலை வடிகட்ட ஒரு சின்ன கெபாசிட்டர் இருக்கும். அது வழியாக எச்டிஎம்ஐ உலோகத்தில் மீட்டர் 100 வோல்ட் பக்கம் காட்டும். கரண்ட் அரை மில்லி ஆம்ப்கூட இருக்காது. ஆபத்தில்லை, ஆனால் எச்டிஎம்ஐ செருகும் போர்ட் பழுதாகலாம். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு எச்டிஎம்ஐ செருகுங்கள், பிறகு பிளக். சுருக் நிற்காவிட்டால் டிவி, பாக்ஸ், கேபிள் ஒயர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி எங்கிருந்து வருகிறதென்று பாருங்கள்.

கடைமடை:
டிவி, பாக்ஸ் இரண்டு பிளக்கும் வெளியே. தனியாகத் தொங்கும் கேபிள் ஒயர் முனையில் டெஸ்டர் நன்றாக எரிகிறது!

சால்டர்:
அப்போது உங்கள் வீட்டு மின்சாரம் இல்லை, கேபிள் வழியாக வருவது. தெரு ஆம்பிளிஃபயர் ஏதோ ஒரு வீட்டிலிருந்து கரண்ட் எடுக்கும். அதில் பழுது என்றால் லைன் முழுக்கப் பாயும். சாதாரணக் கசிவுக்கும் டெஸ்டர் எரியும்தான், ஆனால் கையால் தொட்டுச் சோதிக்கும் விஷயம் இல்லை இது. முனையில் டேப் சுற்றி, பிள்ளைகள் கை படாத இடத்தில் ஒதுக்கி வையுங்கள். ஆபரேட்டரிடம் ‘படம் வரவில்லை’ என்று சொல்லாதீர்கள், ‘ஒயரில் கரண்ட் வருகிறது’ என்று சொல்லுங்கள். அதுவரை டிவி வைஃபையில் ஓடட்டும்.