புதுப்பிப்பு: பனிச்சறுக்கு நாவலுக்குத் துப்பு கிடைத்துவிட்டது

போன மாதம் இங்கே ஒன்று கேட்டிருந்தேன். பனி கொட்டுவதையே பார்க்காத நம் மலையகத்து வாசகருக்கு, சுவிஸ் பனிமலையில் நடக்கும் மர்மக் கதையை எப்படிச் சொல்வது என்று. தாவோஸில் சமையலறை வேலை செய்த காலத்தில் பனிச்சறுக்கு பழகி, அந்த ஆசை தீராமலே அட்டனுக்குத் திரும்பியவன் நான்.

"நுவரெலியா உறைபனியில் தொடங்குங்கள்" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அதுவேதான் வழி! ஜனவரி விடியலில் புல்லை மிதித்தால் நறநறவென்று நொறுங்கும், வெயில் ஏறியதும் கொழுந்து கருகிப்போகும். என் தலவாக்கலைப் பெண் அதே சத்தத்தைத் தாவோஸில் கேட்கிறாள். முதல் அத்தியாயம் அப்படியே வந்துவிட்டது.

அப்புறம் துப்பு. பனிச்சரிவு அபாயமுள்ள இடத்தில் சறுக்குபவர்கள் மார்போடு ஒரு சிறு கருவியைக் கட்டிக்கொள்வார்கள். அது 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்தால், மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி அந்தச் சமிக்ஞையைப் பின்தொடர்வார்கள். தேடும் நிலையில் உள்ள கருவி எதையும் அனுப்பாது. என் கதையில் புதைந்தவரின் கருவி, பழைய மாடல், தேடும் நிலையில் கிடக்கிறது. புறப்படும்முன் அதை மாற்றிய கை யாருடையது? நாவல் முழுக்க அந்தக் கேள்விதான்.

இதை எழுதியபோது எனக்கே கை சில்லிட்டது. எட்டு அத்தியாயம் முடிந்தது. சரி, ஒன்பதாவதில் 35 பாகைச் சரிவில் துரத்தல். அதற்கு நம் தேயிலைச் சரிவுகளில் தினம் ஏறி இறங்குபவர்கள் யாராவது வாசித்துச் சொன்னால் பெரிய உதவி.