ஒளிரும் குளத்தில் இரவு கயாக் போனவர்கள் உண்டா? எனக்கு ஒரு விஷயம் இன்னும் உறுத்துகிறது

பாதிராத்திரிப் பட்டதாரி:
கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோ, ஃபஹார்தோ ஊர், இருட்டில் தண்ணீரைத் தொட்டால் ஒளிரும் லகூனா கிராண்டே குளம். போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முதுகலை படிக்கும் நாங்கள் நாலு பேர், மார்ச் விடுமுறை, ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடும் வெறி. காலையில் பழைய சான் ஹுவான். நீல நிறக் கற்கள் பாவிய தெருக்கள், அப்புறம் எல் மோரோ கோட்டை. 1539இல் கட்டத் தொடங்கியது, ஆறு தட்டு. ஏறி இறங்கியதில் தொடை கழன்றுவிட்டது. வெளியே புல்வெளியில் குடும்பம் குடும்பமாகப் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். மதியம் எல் யுங்கே மழைக்காடு. அங்கே கொசுவுக்குப் பயந்து முழங்கையிலிருந்து விரல் நுனிவரை மருந்தை அப்பிக்கொண்டேன். இதுதான் விஷயமே.

இரவு லாஸ் குரோவாபாஸ் கரையில் வழிகாட்டி கேட்டார்: “யாராவது கொசு மருந்து பூசியிருக்கிறீர்களா?” அது தண்ணீரில் ஒளிரும் உயிரிகளுக்கு ஆகாதாம். நான் வாயே திறக்கவில்லை. ஏற்ற மாட்டேன் என்றுவிட்டால்? காசு முன்னாலேயே கட்டியாகிவிட்டது.

குறுகலான கால்வாய். இரண்டு பக்கமும் சுரபுன்னை வேர்கள், நம் பிச்சாவரம் மாதிரியேதான், ஆனால் கும்மிருட்டு. முன்னால் போகும் கயாக்கின் சின்ன விளக்கைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். திடீரென்று குளம் விரிந்தது. துடுப்பு பட்ட இடமெல்லாம் நீலம். கையை முக்கி எடுத்தேன். மணிக்கட்டிலிருந்து பொறிபொறியாக வழிந்து, முழங்கை மயிரில் ஒன்றிரண்டு சிக்கி மினுங்கி அணைந்தன. அப்போதுதான் உறைத்தது, அது எந்தக் கை என்று.

உப்புத்தண்ணிச் சாமி:
தம்பி, இதற்கெல்லாமா தூக்கம் போகும்? அதே குளம் 2013 நவம்பரில் பல நாள் ஒளிராமலே கிடந்தது. பக்கத்தில் நடந்த கட்டுமான வேலையா, காற்றா என்று காரணம் தேடினார்கள். யார் கையையும் தேடவில்லை. நான் போனது அதே தீவின் தென்மேற்கில், லா பார்கேராவில். அங்கே குளிக்க விடுவார்கள். மோட்டார் படகிலிருந்து குதித்தேன். வெளிச்சம் சுமார்தான், டீசல் வாடைதான் தூக்கல். ஆனால் பனியனுக்குள் ஏழெட்டுப் பொறி மாட்டிக்கொண்டு மினுக்கியதே, அதற்காக இன்னொரு முறைகூடப் போவேன்.

கடலோரக் கவிதா:
சாமி அண்ணே, “ஒரு கைதானே” என்று ஒவ்வொருவரும் நினைத்ததால்தான் ஃபஹார்தோவிலும் பக்கத்திலிருக்கும் வியெக்கெஸ் தீவிலும் குளிக்கவே தடை. நான் வியெக்கெஸில் மஸ்கிட்டோ பே போனேன். உலகிலேயே அதிகம் ஒளிரும் விரிகுடா என்று கின்னஸ் சொன்ன இடம். எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு மீன். கயாக்குக்கு அடியில் தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். அன்று முழுநிலா!

அதனால் இனிமேல் போகிறவர்கள் தயவுசெய்து காலண்டரைப் பாருங்கள். அமாவாசையை ஒட்டிப் போங்கள். முழுநிலாவன்றும் சுற்றுலா நடத்துகிறவர்கள் இருப்பார்கள், நம்பிப் பணம் கட்டாதீர்கள். மேகம் இருந்தால் சந்தோஷப்படுங்கள். போனில் படமெடுக்க மெனக்கெட வேண்டாம், கறுப்பாகத்தான் வரும், திரை வெளிச்சத்தில் பக்கத்துக் கயாக்காரருக்கும் கண் கூசும். வியெக்கெஸுக்கு போர்ட்டோ ரிக்கோவின் சேய்பா ஊரிலிருந்து படகு, திரும்ப வேண்டிய நேரத்தை முதலிலேயே கேட்டுவிடுங்கள், இரவு தீவிலேயே தங்கினால்தான் சரிப்படும். கொசுவுக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள். மருந்து பூசியிருந்தால் கரையிலேயே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். 2017 மரியா புயலில் மஸ்கிட்டோ பே தண்ணீரின் வெளிச்சமே போய்விட்டது, அப்புறம்தான் மெல்லத் திரும்பி வந்தது. அவ்வளவு நோஞ்சான் ஜீவன் அது.

ஈசிஆர் வாசி:
இவ்வளவு தூரம் எதற்கு? 2019 ஆகஸ்டில் திருவான்மியூர்க் கடற்கரையில் அலை நீலமாக உடைந்ததைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓசியில் பார்த்தவன் நான்.

கடலோரக் கவிதா:
அது வேறு உயிரி, நாக்டிலூகா. வந்தால் வரும், போனால் போகும். இவர் சொல்வது பைரோடினியம். சுரபுன்னை சூழ்ந்த குளங்களில் வருஷம் முழுக்க இருக்கும். இரண்டையும் குழப்பாதீர்கள்.

ஈசிஆர் வாசி:
சரிங்க டீச்சர். பட்டதாரி, அந்த வழிகாட்டி கண்டுபிடித்தாரா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

பாதிராத்திரிப் பட்டதாரி:
தெரியவில்லை. கரைக்கு வந்ததும் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அதே கை. உள்ளங்கையை ஒருமுறை முகர்ந்தார். அரைக்கால் சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்தவருக்குக் கை நீட்டினார்.