நீர்த்தாங்கியா, நீர்கொள்படையா, ஊறுபடையா?

அட்டனிலிருந்து:
அன்புள்ள நண்பர்களுக்கு, உயர்தரப் புவியியல் குறிப்பை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். தென் இங்கிலாந்தின் வெண்கட்டிப் (chalk) பாறையில் நிலத்தடி நீர் செல்லும் விதம் பற்றிய பகுதி ஒரு சொல்லுக்காக நிற்கிறது: நிலத்தடி நீரைத் தேக்கிக் கடத்தும் பாறை அடுக்கை ஆங்கிலத்தில் aquifer என்பார்களே, அதற்குத் தமிழ் என்ன? தமிழக நூல்களில் ‘நீர்த்தாங்கி’ என்று பார்த்தேன். நம் பிள்ளைகளுக்குத் தாங்கி என்றால் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு மேலே கட்டியிருக்கும் சீமெந்துத் தொட்டிதான். பாறைக்குள் ஒரு வெற்றிடம், அதில் நீர் என்று எண்ணிவிடுகிறார்கள். அந்தப் பாறையின் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நுண்துளைகள். அவை மிகச் சிறியவை என்பதால் உறிஞ்சிய நீரை எளிதில் விடமாட்டா. நீரை விரைந்து கடத்துபவை வெடிப்புகளே. கீழே களிமண் தடுக்கும் இடத்தில், குன்றின் அடிவாரத்தில், நீர் ஊற்றாகிறது. கொள்வதையும் விடுவதையும் சேர்த்துச் சொல்லும் பெயர் தாருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
நீர்கொள்படை போதும். ‘ஓசோன் படை’ படித்த பிள்ளைக்குப் படை புதிதல்ல. வினைத்தொகை என்பதால் இடையில் ப் போடாதீர்கள். எங்கள் சுண்ணக்கல்லுக்கும் இது பொருந்தும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். இரண்டையும் கொள்வது ஒரே படை.

பதுளையிலிருந்து:
கொள்வது மட்டும்தானா? ஊறுபடை என்று வையுங்கள். ஊறுகாயில் உப்பு உள்ளே ஊறுகிறது. மணற்கேணியில் நீர் வெளியே ஊறுகிறது. உட்செல்வதற்கும் வெளிவருவதற்கும் ஒரே வினை! வெண்கட்டியின் நுண்துளைகள் வழியே மழைநீர் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 மீட்டர்தான் இறங்குகிறது. அதை ஊறுதல் என்றல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? எங்கள் மலையில் இருப்பது பழைய உருமாறிய பாறை. அதன் உக்கிய மேற்பகுதியிலும் வெடிப்புகளிலும் தங்கிய நீர் சரிவில் கசிந்து, நாங்கள் நீர் பிடிக்கும் பீலிக்கு, அதாவது நீர் விழும் குழாய்வாய்க்கு, வருகிறது. அங்கும் இந்தச் சொல் நிற்கும். பீலி என்றால் மயிற்தோகையும் அல்லவா? விழும் நீர் தோகைபோல் விரிவதால் வந்த பெயர் என்பது என் துணிபு.

கண்டியிலிருந்து:
சிங்களத்தில் அதே பொருளில் ‘பீல்ல’ இருக்கும்போது மயிலைத் தேடிப் போவானேன்? இது கிடக்க, சுவை, ஒளி, ஊறு என்று ஐம்புலன் வரிசையில் ஊறு தொடுவுணர்வு. தனியே நின்றால் துன்பம், காயம். ஊறுபடை என்றதும் எனக்குக் காயம்பட்ட சேனைதான் தோன்றுகிறது. பரீட்சைத்தாள் திருத்துபவருக்குச் சொல் விளங்காவிட்டால் புள்ளியை இழப்பது பிள்ளைதான். எனக்கும் நீர்கொள்படையே சம்மதம்.

பதுளையிலிருந்து:
ஊறுகாய் தின்பவர் யாரும் காயம்பட்ட காய் என்று நினைப்பதில்லையே, ஐயா.

அட்டனிலிருந்து:
வியாழக்கிழமையும் ஆகிவிட்டது. நீர்கொள்படை என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். நுண்துளையையும் வெடிப்பையும் தனித்தனிப் படமாக வரைந்து சேர்த்திருக்கிறேன்.

பதுளையிலிருந்து:
எனக்கு உடன்பாடில்லை. அடைப்புக்குள்ளாவது ஊறுபடை என்று போடுங்கள், டீச்சர். பீலி பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.