பிடித்த பாட்டா, பிடித்த வயதா?

உப்புவெளியான்:
"எங்கள் காலத்துப் பாடல்களுக்கு ஈடில்லை" என்று சென்ற கிழமை இங்கே ஒருவர் தீர்ப்பெழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹோல்புரூக், ஷிண்ட்லர் ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1989இல் வெளியிட்ட ஆய்வின்படி, தமக்கு ஏறத்தாழ 23, 24 வயதானபோது புகழ்பெற்றிருந்த பாடல்களையே மனிதர் பிற்காலத்திலும் மிகுதியாக விரும்புகின்றனர். 1976இல் இளையராஜா திரையிசைக்கு வந்தபோது அந்த வயதில் இருந்தவர் அவரையும், 1992இல் இருந்தவர் ரகுமானையும் உச்சியில் வைப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நாம் போற்றுவது பாட்டையன்று, நமது இளமையை.

டைக் வீதி:
தம்பி, 1976இல் எனக்குச் சரியாக 23 வயது. உங்கள் கணக்குப்படி நான் இளையராஜாவோடு நின்றிருக்க வேண்டும். ஆனால் என் காதைப் பழக்கியது அலுமாரியின் மேலிருந்த வானொலி. 1950களில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைக் குறைத்தபோது தமிழகத்து நேயர்களையே தன் பக்கம் இழுத்த இலங்கை வானொலி, எங்கள் வீட்டில் சௌந்தரராஜனையும் சுசீலாவையும் நாகூர் ஹனிபாவையும் ஒரே நாளில் பாட வைத்தது. எழுபதுகளில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பொப்பிசை வந்ததும் அப்பா ஒலியைக் குறைப்பார்; அதனாலேயே நான் இன்னும் கூர்ந்து கேட்டேன். தெரிவு செய்ய வழியில்லாததால்தான் எங்கள் இரசனை விரிந்தது.

உப்புவெளியான்:
அது விரிவு அல்ல ஐயா, பழக்கம். நாள்தோறும் காதில் விழுவது நாளடைவில் பிடித்துப்போகும்.

டைக் வீதி:
அப்படியானால் மீனவர் பாடும் அம்பாப் பாட்டை என்ன செய்வீர்கள்? வீட்டுக்குப் பின்னாலிருந்த கடற்கரையில் கரைவலை இழுப்பவர்கள் விடியற்காலையில் பாடிய அம்பாவைச் சிறுவயது முழுவதும் கேட்டேன். தூக்கம் கெடுகிறதென்று தலையணையால் காதைப் பொத்தினேன். அறுபது வயதில் ஒருநாள் அருகில் போய் நின்றபோதுதான், ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏற்றுப் பாடும் அந்தத் தாளம் கயிற்றில் கைகள் ஒருசேர விழுவதற்கென்றே அமைந்தது என்று விளங்கியது. அன்றிலிருந்து அதற்கு நிகராக எனக்கு வேறு பாட்டில்லை. இதற்குப் பழக்கமும் காரணமல்ல, 23 வயதும் காரணமல்ல.

நிலாவெளிக்காரி:
என் கதை உங்கள் இருவருக்கும் ஒத்துவராது. திருக்கோணேச்சரத்தின் மீது சம்பந்தர் பாடிய பதிகத்தை, ஆசிரியையின் ஏச்சுக்குப் பயந்தே அறநெறிப் பாடசாலையில் மனப்பாடம் செய்தேன். இன்று சமைக்கும்போது வாய் தானாக அதைத்தான் முணுமுணுக்கிறது. அது எனக்குப் பிடிக்குமா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை.

உப்புவெளியான்:
அம்பா விடயத்தில் என் கணக்கு உதைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐயா, அதைப் பாடுவோர் அருகிப்போன பிறகுதானே அது உங்களுக்குப் பிடிக்கத் தொடங்கியது?

டைக் வீதி:
ஆம். அப்போது வலையை உழவு இயந்திரத்தைக் கொண்டு இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் போய் நின்ற அன்று அது பழுதாகிக் கிடந்தது.