வாசிப்பு அறைச் சுவருக்கு எந்த நிறம்? ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் சிறுவர் வாசிப்பு அறைக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. மேற்குப் பார்த்த அறை என்பதால், பெயின்ட் கடையின் அட்டையில் இதமாகத் தெரிந்த இளமஞ்சள், மாலை வெயில் விழும்போது கண்ணைக் கூசச் செய்கிறது. நீலம் மனத்தை அமைதிப்படுத்தும் என்கிறார்கள். ஆனால் 1979இல் அமெரிக்காவின் சியாட்டில் கடற்படைச் சிறை அறையொன்றில் இளஞ்சிவப்பு பூசியதும் கைதிகளின் ஆவேசம் தணிந்ததாகப் பேசப்பட்டது பிற்கால ஆய்வுகளில் உறுதிப்படாததால், இத்தகைய பொதுவிதிகளை அப்படியே நம்பத் தயக்கமாக இருக்கிறது. (அறுவை அரங்கின் பச்சை வேறு கதை, இரத்தச் சிவப்பையே பார்த்துக் களைத்த கண்ணுக்கு அது ஓய்வு.) பள்ளி, மருத்துவமனை உள்ளரங்குகளை வடிவமைத்த அனுபவமுள்ளவர்கள், வெளிர் பச்சை பொருந்துமா, சாம்பல் கலந்த நீலம் பொருந்துமா என்பதைக் காரணத்துடன் தெரிவித்து உதவ வேண்டுகிறேன். தரை சிவப்பு ஆக்சைடு. அதை மாற்ற இயலாது.