யூரர் கலைப்பா, யூரர் குலைப்பா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம், 46ஆம் பிரிவு. யூரர்களை, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் யூரி சபையின் (jury) உறுப்பினர்களை, யாரேனும் விலைக்கு வாங்கினாலோ மிரட்டினாலோ, நீதிபதி யூரி சபையை விடுவித்துவிட்டுத் தனியே விசாரணையைத் தொடர அது இடமளிக்கிறது. அந்தக் குற்றத்துக்கு (jury tampering) ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். 'சாட்சிகளைக் கலைத்தல்' புழக்கத்தில் இருப்பதால் 'யூரர் கலைப்பு' எனலாமா?

---

அண்ணை, 'கலைப்பு' சரிவராது. நீதிபதி சபையை விடுவிப்பதையும் 'யூரி சபை கலைக்கப்பட்டது' என்றுதானே எழுதுகிறோம்? குற்றத்துக்கும் பரிகாரத்துக்கும் ஒரே வினைச்சொல் வந்தால் அந்தப் பிரிவின் தலைப்பே விளங்காது. போதாததற்கு, யாழ்ப்பாணத்தில் கலைக்கிறது என்றால் துரத்துகிறது.

'யூரர் வளைப்பு' என்றும் வைக்கலாம், ஆனால் அது இலஞ்சத்துக்கு மட்டும் பொருந்தி அதோடு நின்றுவிடும். 1927இல் வாஷிங்டனில் எண்ணெய் அதிபர் ஹரி சின்கிளேர் மீதான சதி வழக்கைப் பாருங்கள். பேர்ண்ஸ் துப்பறியும் நிறுவனத்தின் ஆட்களை அமர்த்தி யூரர்களைப் பின்தொடர வைத்தார். அவர்கள் எந்த யூரரோடும் பேசியதாக நிரூபிக்கப்படவில்லை, பணமும் கைமாறவில்லை. விசாரணை பாதியில் நின்றது. பின்தொடர்ந்ததே நீதிமன்ற அவமதிப்புக்குப் போதும் என்று 1929இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் சின்கிளேரின் ஆறு மாதச் சிறையை உறுதிசெய்தது. யூரர் ஒருவர் தன்னை யாரோ வேவு பார்ப்பதை உணர்ந்தாலே அவருடைய நடுநிலை ஆட்டம் காணும். ஆகவே இலஞ்சம், மிரட்டல், வேவு மூன்றையும் தாங்கும் பொதுச்சொல் தேவை. 'யூரர் குலைப்பு' என்பது என் முன்மொழிவு. குலைவது அவருடைய நடுநிலை.

'யூரி சபைக் குலைப்பு' என்று மட்டும் நீட்டவேண்டாம். குறி எப்போதும் தனியாள்தான். அமெரிக்கக் கூட்டாட்சிக் குற்ற வழக்கில் பன்னிருவரும் ஒருமிக்க வேண்டும், ஒருவரைப் பிடித்தாலே குற்றத்தீர்ப்பைத் தடுத்துவிடலாம். 1987இல் நியூயோர்க் மாபியாத் தலைவர் ஜோன் கொட்டி விடுதலையான வழக்கில் 60,000 டொலர் போனது ஒரேயொரு யூரருக்குத்தான். எங்கள் இலங்கையின் 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் யூரர்கள் ஏழு பேர், தீர்ப்புக்கு ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மை போதும். தடுக்க மூன்று பேரை வாங்கவேண்டும்.

---

ஒரு தடை. 'குலைப்பு' என்றதும் காரியம் முடிந்துவிட்டதாகத் தொனிக்கிறது. சின்கிளேர் வழக்கில் எந்த யூரரும் மனம் மாறியதாகக் காட்டவேண்டியிருக்கவில்லையே?

---

உண்மை. ஆனால் அதைச் சொல்லுக்குள் திணிக்க முடியாது, பொருள்விளக்கத்தில் வைப்போம்: 'யூரரின் நடுநிலையைக் குலைத்த, அல்லது குலைக்கக்கூடிய செயல்'. சொல்லை வசனத்தில் வைத்துப் பாருங்கள்:

'யூரர் கலைப்பு இடம்பெற்றதால் யூரி சபை கலைக்கப்பட்டது.'

'யூரர் குலைப்பு இடம்பெற்றதால் யூரி சபை கலைக்கப்பட்டது.'

இரண்டாவதை வாசிப்பவர் திரும்பிப் போய் வாசிக்கவேண்டியதில்லை.